வைத்தியம் தவறினால் வழி என்ன?

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பது நம் முன்னோர் வாக்கு. நல்ல எண்ணெயும் நல்ல தானியமும் வாங்கிச் சாப்பிட்டால் வைத்தியர் வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை என்பது அதன் பொருள். மளிகை வணிகர்களாகிய நமக்குப் பெருமை தரும் பழமொழிதான். ஆனால் ஊருக்கெல்லாம் நல்ல சரக்கு கொடுக்கும் நாம் நம் உடம்பைக் கவனிக்கும் லட்சணம் என்ன? காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் சாத்துகிறோம். காய்ச்சல் என்றால் பக்கத்து மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை. அதற்கும் கேட்கவில்லை என்றால், கடை சாத்தும் நேரத்தில் தெருமுனை டாக்டரிடம் ஓடி ஓர் ஊசி. மறுநாள் காலையில் மீண்டும் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம்.

பெரும்பாலான நேரங்களில் இதனால் கெடுதல் ஒன்றும் வருவதில்லை. நம் குடும்ப டாக்டர்களில் பெரும்பாலோர் கைராசியும் கருணையும் உள்ளவர்கள். அப்பா காலத்திலிருந்து நம் வீட்டாரின் நாடியை அறிந்தவர்கள். அவர்களைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. ஆனால் நூற்றில் ஒரு தடவை நோய் ஒன்றாகவும் மருந்து வேறொன்றாகவும் போய்விடுகிறது. அப்போது பாதிக்கப்படுவது ஓர் உயிர் மட்டுமல்ல. ஒரே ஆளை நம்பி நடக்கும் கடையில், அந்த ஆள் படுத்துவிட்டால் கடையும் படுத்துவிடுகிறது. கடன் கொடுத்த மொத்த வியாபாரி வாசலில் வந்து நிற்பார். கடன் வாங்கிய வாடிக்கையாளரோ வேறு தெரு வழியாகப் போவார். ஆகவே இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை ஒவ்வொரு வணிகரும் அறிந்திருப்பது நல்லது.

நோய் தவறும் இடங்கள்

வழக்கமாகக் கணிப்பு தவறும் நோய்கள் சில உண்டு. முதலாவது நெஞ்சு வலி. 'வாயுத் தொல்லைதான், சோடா குடித்தால் சரியாகிவிடும்' என்று நாமும் சொல்லிக்கொள்கிறோம். சில சமயம் அவசரத்தில் டாக்டரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார். மாரடைப்பின் தொடக்கத்தில் எடுக்கும் முதல் ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே வலி நீடித்தால் ஈ.சி.ஜி.யை மறுபடி எடுப்பதும், ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை செய்வதும் அவசியம். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பின்போது நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சு வாங்குதலும் வியர்வையும் மட்டும் வரலாம். உட்கார்ந்தே தொழில் செய்யும் நம்மில் சர்க்கரைக்காரர்கள் குறைவா என்ன?

இரண்டாவது காய்ச்சல். மலேரியா, டைபாய்டு, டெங்கு மூன்றும் முதல் இரண்டு நாளில் ஒன்றுபோலவே தோன்றும். விடால் என்ற ஒரே ஒரு பரிசோதனையை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டினால் தவறிப்போக இடமுண்டு. குளிர் நடுக்கத்துடன் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு மலேரியா இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயம் உள்ள காய்ச்சலில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும்.

மூன்றாவது இருமல். மிளகாய் வற்றல் நெடியிலும் மாவுத் தூசியிலும் நாள் முழுதும் நிற்கும் நமக்கு இருமல் புதிதல்ல. அதனாலேயே அது ஏமாற்றிவிடும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். நான்காவது வயிற்று வலி. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வாலாக இருக்கலாம். அதை வாயு என்று விட்டுவிட்டால் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சட்டம் வந்த கதை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தபோது வணிகர்களாகிய நாம் அதை அவ்வளவாக விரும்பவில்லை. எடை குறைந்தது, விலை கூடியது என்று யார் வேண்டுமானாலும் நம்மைக் கூண்டில் ஏற்றலாம் என்று அஞ்சினோம். அந்தச் சட்டம் நம்மையும் நுகர்வோராகப் பாதுகாக்கிறது என்பதை நம்மில் பலர் இன்னும் எண்ணிப் பார்ப்பதில்லை.

டாக்டர்கள் இந்தச் சட்டத்திற்குள் வருவார்களா என்பதில் நீண்ட காலம் சர்ச்சை இருந்தது. நோயைக் கண்டறிவதும் சிகிச்சை அளிப்பதும் இச்சட்டம் சொல்லும் 'சேவை' ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994-ல் தீர்ப்பளித்தது. இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று இதற்கு முடிவு கட்டியது. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் சேவையே, ஆகவே நோயாளி நஷ்டஈடு கோரலாம் என்பது அத்தீர்ப்பு.

அத்தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் உண்டு. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை இச்சட்டத்தில் வராது. பெயருக்கு ஒரு பதிவுக் கட்டணம் வாங்கினாலும் அது இலவசமே. ஆனால் சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவச நோயாளிக்கும் வழக்குப் போடும் உரிமை உண்டு. கட்டணத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டினாலும், வேலை நிபந்தனைப்படி முதலாளி கட்டினாலும் நோயாளிக்கு உரிமை உண்டு. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளும் இச்சட்டத்தில் அடங்கும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் கடைச் சிப்பந்திகளுக்கு இது பயன்படும் செய்தி.

1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. புதிய சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லையே, எனவே டாக்டர்களுக்கு விலக்கு உண்டு என்று ஒரு வாதம் கிளம்பியது. உச்ச நீதிமன்றம் 2022-ல் அதை ஏற்க மறுத்துவிட்டது.

எது கவனக்குறைவு, எது இல்லை?

நோய் குணமாகவில்லை என்பதற்காக டாக்டர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நாம் துவரம் பருப்பைக் காயவைத்து, புடைத்து, மூடி வைத்தும் மழைக்காலத்தில் வண்டு விழுந்தால் அது நம் குற்றமல்ல. கோணியைப் பிரித்தே பார்க்காமல் வண்டு அரித்ததை நிறுத்துக் கொடுத்தால் அது நம் குற்றம். மருத்துவத்திலும் அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த நிலையில் எதைச் செய்திருப்பாரோ, அதைச் செய்தாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஊரிலேயே சிறந்த டாக்டரின் திறமையைச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு சிகிச்சை முறைகளில் ஒன்றை அவர் நல்லெண்ணத்துடன் தேர்ந்தெடுத்து அது பலிக்காமல் போனால் கவனக்குறைவு ஆகாது. ஆனால் செய்ய வேண்டிய பரிசோதனையைச் செய்யாமல் விடுவதும், தனக்குத் தெரியாத வைத்தியத்தைச் செய்வதும், தன் சக்திக்கு மீறிய நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வதும் கவனக்குறைவே.

நீதிமன்றம் வரை போன இரண்டு வழக்குகளைப் பார்ப்போம்.

முதல் வழக்கு பம்பாயில் நடந்தது. ஒரு கம்பெனியின் விற்பனை மேலாளர், 35 வயதுக்காரர், 1992 ஜூலை 4-ல் காய்ச்சலில் விழுந்தார். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டாக்டர் முதலில் வைரஸ் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார். பிறகு அந்தப் பகுதியில் டைபாய்டு பரவியிருக்கிறது என்று டைபாய்டு மருந்து கொடுத்தார். இரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. நோயாளி ஜூலை 14-ல் இறந்துபோனார். அதன் பிறகுதான், அந்த டாக்டர் ஹோமியோபதி படித்துப் பதிவு பெற்றவர், கொடுத்ததோ ஆங்கில மருந்து என்ற விவரம் பெரிதாக எழுந்தது. மனைவி தொடுத்த வழக்கைத் தேசிய ஆணையம் தள்ளுபடி செய்தது. அவர் மனம் தளராமல் உச்ச நீதிமன்றம் சென்றார். தான் படிக்காத முறையில் வைத்தியம் செய்வதே கவனக்குறைவு, வேறு நிரூபணம் தேவையில்லை என்று 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 3 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் 30,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது.

இரண்டாவது வழக்கு ஹைதராபாத்தைச் சேர்ந்தது. 2002 ஜூலையில் ஒரு பெண்மணி குளிருடன் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்காகத் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய கணவரே மலேரியா துறையில் அதிகாரி. மருத்துவமனையில் டைபாய்டுக்கு வைத்தியம் நடந்தது. டைபாய்டு பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தும் மலேரியாவுக்கு மருந்து கொடுக்கவில்லை. நான்கு நாளில் நிலைமை முற்றி வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, இரத்தத்தில் மலேரியா இருப்பது தெரிந்தது. உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. மாவட்ட மன்றம் 2 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுத்தது. மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் வேறொரு டாக்டரின் நிபுணர் சாட்சியம் இல்லை என்று அதை மறுத்தன. 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் தீர்ப்பையே உறுதி செய்தது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை, தவறு வெளிப்படையாகத் தெரியும்போது அதுவே சாட்சி என்றது நீதிமன்றம்.

இரண்டு வழக்கிலும் நோய் நாம் எல்லோரும் அறிந்த காய்ச்சல்தான். நோயாளியின் இரத்தத்தை வேளையோடு பரிசோதித்து அதன்படி மருந்து கொடுத்திருந்தால் இரண்டு குடும்பங்களும் நீதிமன்ற வாசலை மிதித்திருக்க வேண்டியதில்லை.

நஷ்டஈட்டுக் கணக்கும் நம் கணக்குப் புத்தகமும்

நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கண்ணீருக்கு விலை போட முடியாது என்பதால் நீதிமன்றம் பெரும்பாலும் வருமானத்தை வைத்தே கணக்குப் போடுகிறது. கொல்கத்தாவில் தவறான சிகிச்சையால் 1998-ல் மனைவியை இழந்த ஒரு டாக்டருக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் நஷ்டஈடும் அதற்கு வட்டியும் வழங்கியது. அதில் 5 கோடியே 72 லட்சம் ரூபாய், இறந்த அம்மையார் ஈட்டியிருக்கக்கூடிய வருமானம் என்ற கணக்கில் வந்தது. அவர் பட்ட வேதனைக்கென்று வழங்கப்பட்டது 10 லட்சம் ரூபாய்தான்.

வாகன விபத்து வழக்குகளில் ஒரு கணக்கு முறை உண்டு. மருத்துவ வழக்குகளில் அது கட்டாயமில்லை என்றாலும், ஆணையங்கள் பல சமயம் அதையே வழிகாட்டியாகக் கொள்கின்றன. 38 வயது வணிகர் ஒருவருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கில் காட்டிய ஆண்டு வருமானம் 3 லட்சம். சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் மீதி 2 லட்சம். அவர் வயதுக்கு உரிய பெருக்கல் எண் 15. ஆக 30 லட்சம். எதிர்கால வளர்ச்சிக்கு என்று சேர்ப்பது தனி. அதே வணிகரின் உண்மையான வருமானம் 6 லட்சமாக இருந்து, அதைக் கணக்கில் காட்டியிருந்தால் 60 லட்சம் வந்திருக்கும்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். வரிக்குப் பயந்து துண்டுச் சீட்டில் எழுதிக் கிழித்துப் போடும் வியாபாரத்தை நீதிமன்றத்தில் எவராலும் எடுத்துக் காட்ட முடியாது. உயிரோடு இருக்கும்போது வருமானத்தைக் குறைத்துக் காட்டியவரின் மனைவி, அவர் போன பிறகு 'என் கணவர் நன்றாகச் சம்பாதித்தார்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வருமான வரிக் கணக்கும், ஜி.எஸ்.டி. கணக்கும், வங்கிப் புத்தகமும், பேரேடும்தான் அன்று அந்தக் குடும்பத்திற்காகச் சாட்சி சொல்லும். மருத்துவமனை பில், மருந்துச் செலவு, கடை பூட்டியிருந்த நாட்களின் நஷ்டம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். கடையில் கூடவே உட்கார்ந்து உழைக்கும் மனைவிக்கும் கணக்கில் ஒரு பங்கு காட்டி வைப்பது நல்லது.

சீட்டு இல்லாமல் வழக்கு இல்லை

சிட்டை இல்லாமல் கொள்முதல் செய்த சரக்கைத் திருப்பி அனுப்ப முடியுமா? டாக்டர் விஷயத்திலும் அப்படியே. தெருமுனை டாக்டர் மாத்திரையைச் சிறு காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார், நாமும் வாங்கிக்கொண்டு வருகிறோம். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த நோய்க்கு என்று ஒரு வரி எழுத்து கிடையாது. பிறகு தவறு நடந்தால், 'இவர் என்னிடம் வரவே இல்லை' என்று அவர் சொன்னாலும் மறுக்க வழி இருக்காது.

ஆகவே மருந்துச் சீட்டை எழுதித் தரும்படி பணிவாகக் கேட்டு வாங்குங்கள். அதில் டாக்டரின் பெயரும் படிப்பும் பதிவு எண்ணும் இருக்கிறதா, அவர் எந்த மருத்துவ முறையில் பதிவு பெற்றவர் என்று பாருங்கள். சீட்டு, பில், பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் வீட்டில் ஆளுக்கொரு கோப்பில் போட்டு வையுங்கள். உள்நோயாளியின் மருத்துவப் பதிவேடுகளை மருத்துவமனை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்றும் மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எழுத்து மூலம் கேட்டு, கேட்டதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஒவ்வாத மருந்து ஆகியவற்றை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. ஐந்து நாள் மருந்தை இரண்டு நாளில் நிறுத்துவது, டாக்டர் எழுதிய பரிசோதனையைச் செலவுக்குப் பயந்து விட்டுவிடுவது, நாமாகவே மருந்துக் கடையில் வாங்கி விழுங்குவது போன்றவற்றை எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கையில் எடுப்பார்.

வழக்குத் தொடுக்கும் வழி

1. கோபத்தில் மருத்துவமனையில் போய்ச் சண்டை போடாதீர்கள். கண்ணாடியை உடைத்தால் வழக்கு நம் மேல்தான் வரும். முதலில் எல்லா ஆவணங்களையும் கைக்குக் கொண்டுவாருங்கள்.

2. மரணத்தில் சந்தேகம் இருந்தால் அடக்கம் செய்யுமுன் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். மனதுக்குக் கஷ்டமான காரியம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் இறப்பின் காரணத்தை நிரூபிப்பது கடினம்.

3. அதே துறையில் அனுபவமுள்ள வேறொரு டாக்டரிடம், முடிந்தால் அரசு மருத்துவமனை டாக்டரிடம், ஆவணங்களைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். கட்டாயமில்லை என்றாலும் எழுத்தில் கிடைத்தால் வழக்குக்குப் பெரும் பலம். தவறு இல்லை என்று அவர் சொன்னால் அதையும் ஏற்கும் மனம் வேண்டும்.

4. நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். சிகிச்சைக்குக் கொடுத்த கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பது நம் விருப்பம். கணினி மூலமும் மனு அனுப்பலாம். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

5. பாதிப்பு ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். தாமதத்திற்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். நோயாளி இறந்திருந்தால் வாரிசுகள் மனுக் கொடுக்கலாம்.

6. தீர்ப்பு பாதகமானால் 45 நாளில் மாநில ஆணையத்திற்கு மேல்முறையீடு செய்யலாம். டாக்டர் தரப்பு மேல்முறையீடு செய்தால், கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

டாக்டரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் செய்யலாம். அவர்கள் எச்சரிக்கலாம், பதிவை நிறுத்தி வைக்கலாம். நஷ்டஈடு கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. போலீசில் புகார் என்பது வேறு விஷயம். மிகக் கடுமையான கவனக்குறைவு இருந்தால்தான் டாக்டர் மேல் குற்ற வழக்கு நிற்கும், வேறொரு டாக்டரின் கருத்து இல்லாமல் நடவடிக்கை கூடாது, வழக்கம்போல் கைது செய்யக் கூடாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது.

பொறுமை வேண்டும்

வழக்குப் போட்டால் உடனே பணம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பம்பாய் வழக்கு 4 ஆண்டு, ஹைதராபாத் வழக்கு 8 ஆண்டு, கொல்கத்தா வழக்கு 15 ஆண்டு இழுத்தது. சிறு காரியங்களுக்கு டாக்டரிடமே நேரில் பேசித் தீர்த்துக்கொள்வது மேல். பொய் வழக்குப் போட்டு மிரட்டிப் பணம் பறிக்கும் வேலையில் வணிகர் எவரும் இறங்கக் கூடாது. கலப்படம் செய்தோம் என்று நம் மேல் பொய்ப் புகார் வந்தால் நமக்கு எப்படி எரிகிறதோ, அப்படித்தானே அவர்களுக்கும்? மிரட்டலுக்குப் பயந்த டாக்டர், சாதாரணத் தலைவலிக்கும் பத்துப் பரிசோதனை எழுதுவார். அந்தச் செலவும் நம் தலையில்தான் விடியும்.

ஆனால் உண்மையான தவறு நடந்து, ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும்போது, 'விதி' என்று சொல்லிவிட்டுப் போவதும் சரியல்ல. ஒவ்வொரு கிளைச் சங்கமும் நுகர்வோர் சட்டம் அறிந்த வக்கீல் ஒருவரையும், ஆலோசனை சொல்லக்கூடிய மூத்த டாக்டர் ஒருவரையும் அறிந்து வைத்திருந்தால், இடிந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் குடும்பத்திற்குச் சரியான வழியைக் காட்டலாம். இறுதிச் சடங்குக்கு மாலை கொண்டுபோவதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. இரண்டாண்டுக் கெடு முடியுமுன் அந்த வீட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போய் மனுக் கொடுக்க வைப்பதும் சங்கத்தின் வேலைதான்.